டயர்க்காரர் கொண்டுவந்த பன்னிரண்டு வளைவுகள்

1. ட்ரம்முக்கு வந்த கதை

சிவகாசியில் நான் வேலை பார்த்த ஆப்செட் அச்சகத்தில் ட்ரம் ஸ்கேனர் இருந்த அறைக்கு மட்டும்தான் ஏ.சி. முதலாளியின் அறையில்கூட மின்விசிறிதான். அதனால் முதலாளி தினமும் மதியம் சாப்பிட்ட கையோடு வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அங்கே வருவார். வந்து, நாற்காலியில் சாய்ந்து, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓர் ஆடி மாதம் அந்த அறைக்குள் வேலைக்காக முதல் நாள் காலெடுத்து வைத்தேன். அதற்கு முன் இரண்டு வருஷம் பைண்டிங் செக்‌ஷனில் டின் அடித்துக்கொண்டிருந்தேன். மாதக் காலண்டரின் தலையில் மெல்லிய தகரப்பட்டையை வைத்து அழுத்துகிற வேலைக்கு டின் அடிப்பது என்று பெயர். சாயங்காலம் கையைக் கழுவும்போதுதான் எத்தனை இடத்தில் கிழித்திருக்கிறது என்று தெரியும்.

பழைய ஸ்கேனர் ஆபரேட்டர் காலண்டர் சீசன் தொடங்குகிற நேரம் பார்த்துச் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். விருதுநகரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த சர்ட்டிபிகேட் என்னிடம் இருந்தது. பழைய ஆபரேட்டர் வேலை செய்வதைச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பாதி கற்றும் வைத்திருந்தேன். ஏ.சி.க்காகத்தான் எட்டிப் பார்த்தேன் என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

“முத்துமாரியை உக்கார வச்சுப் பாப்போம்” என்று என்னைக் கைகாட்டினார் முதலாளி.

ஃபோர்மேன் தங்கப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. “மொதலாளி, அது பொம்பளப் பிள்ள தொடுற மிசினா? ஒரு ஸ்லைடு கெட்டுப்போனா கஸ்டமருக்கு யாரு பதில் சொல்லுவா?”

“கெட்டாப் பாப்போம். யாரு கெடுத்தாகளோ அவுக டின் அடிக்கப் போகட்டும். அம்புட்டுத்தான.”

ஆக, ஒரு தப்பு நடந்தால் எனக்கு மறுபடியும் தகரப்பட்டை. சீசன் முடியும்வரை நான் தாக்குப்பிடிக்க வேண்டும். ஃபோர்மேன் தினமும் காலையில் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, “என்ன பிள்ள, இன்னைக்காவது கெடுத்தியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஸ்லைடு என்றால் என்னவென்றே தெரியாது. அட்டைச் சட்டத்துக்குள் இருக்கிற சின்ன பிலிம் துண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கலர்ப்படம் தெரியும். அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, கண்ணாடி ட்ரம்மில் எண்ணெய் தடவி ஒட்டிச் சுழலவிட்டால் ஸ்கேனர் படித்துக்கொள்ளும். பிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், மறுபக்கம் மங்கலாக இருக்கும். மங்கல் பக்கத்துக்கு எமல்சன் பக்கம் என்று பெயர். எந்தப் பக்கம் ட்ரம்மில் படிய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. மாறிவிட்டால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகிவிடும். படத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். முருகன் படமாக இருந்தால் வேல் எந்தக் கையில் இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கலாம். எழுத்தும் கிடையாது, வேலும் கிடையாது என்றால் ஆபரேட்டரின் விரல்தான் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2. வேன் பந்தயம்

நான் ஆமத்தூரிலிருந்து கம்பெனி வேனில் வருவேன். எங்கள் வேனில் பதினைந்து பேர் உட்காரலாம், இருபத்தெட்டுப் பேர் வருவோம். டிரைவர் அண்ணன் தன்னை ஒரு பந்தய வீரராகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பட்டாசு ஆலை வேன் ஏதாவது முந்திப் போய்விட்டால் அன்றைக்கு முழுவதும் யாரிடமும் பேசமாட்டார்.

வேனில் வருகிற பெண்களுக்கு வழியில் உள்ள வளைவுகள் ஒவ்வொன்றின் குணமும் அத்துப்படி. எந்த வளைவில் கம்பியைப் பிடிக்க வேண்டும், எந்த வளைவில் சாப்பாட்டுத் தூக்கைப் பிடிக்க வேண்டும், எதில் இரண்டையும் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவளைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். எல்லோருக்கும் பிடித்தது ஊரைத் தாண்டியதும் வருகிற பெரிய வளைவு. அதில் டிரைவர் அண்ணன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. வேனின் ஒரு பக்கத்துப் பெண்கள் மொத்தமாக மறுபக்கத்துப் பெண்களின் மடியில் போய் விழுவார்கள். கெட்ட வார்த்தையும் சிரிப்பும் சேர்ந்து கிளம்பும். டிரைவர் அண்ணனுக்கு இரண்டுமே கைதட்டல்தான்.

3. பிள்ளையார் இல்லாத காலண்டர்

ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டயர் வியாபாரி வந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு பிஸ்கட் டப்பாவில் பன்னிரண்டு ஸ்லைடு கொண்டுவந்திருந்தார். முதலாளி என்னையும் ஃபோர்மேனையும் அறைக்குக் கூப்பிட்டார்.

ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தேன். எல்லாமே ரோடு. ஆளும் இல்லை, வண்டியும் இல்லை, வளைந்து போகிற வெறும் ரோடு.

“கார் ரேஸ் ட்ராக்குங்க” என்றார் டயர்க்காரர். “உலகத்துல எனக்குப் புடிச்ச பன்னெண்டு வளைவு. மாசத்துக்கு ஒண்ணு.”

“வண்டி ஒண்ணுகூடக் காணோமே சார்?” என்று கேட்டார் ஃபோர்மேன்.

“வண்டி இருந்தா எல்லாரும் வண்டியத்தானுங்க பாப்பாங்க. வளைவ யாரு பாப்பா?”

முதலாளி டப்பாவின் அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். காலண்டர் என்றால் அவருக்கு லட்சுமி, முருகன், குழந்தை, நீர்வீழ்ச்சி. “அதுக்கில்ல... நடுவுல ஒரு மாசத்துக்காவது ஒரு பிள்ளையாரைப் போட்டுக்கிடுவோமா? பாக்கிறவுக என்ன காலண்டர்னு கேப்பாகள்ல?”

“பிள்ளையாரு எந்த ட்ராக்குலீங்க ஓட்டுனாரு?” என்று கேட்டார் டயர்க்காரர். சிரிக்காமல்தான் கேட்டார். முதலாளி மேஜையில் இருந்த பிள்ளையாரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் டயர்க்காரர் ஒவ்வொரு வளைவாக ஓட்டிக் காட்டத் தொடங்கினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடித்து, உடம்பைச் சாய்த்து, காலால் முதலாளியின் மேஜையை மிதித்து ஓட்டினார். ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே போட ஒரு வாசகம் அவரே எழுதிக்கொண்டுவந்திருந்தார். டைப் செய்தது நான் என்பதால் சிலது இன்றைக்கும் மனப்பாடம்.

மார்ச் மாதம் பெல்ஜியம். “பள்ளத்தில் இறங்கி, இடது, வலது, மேட்டில் ஏற்றம். வண்டி ஏறிவிடும், வயிறு மட்டும் பள்ளத்திலேயே நின்றுவிடும்.”

மே மாதம் மொனாக்கோ. “உலகத்திலேயே மெதுவான வளைவு. நடந்து போகிறவன் நம்மை முந்திவிடுவான். ஆனாலும் ஓட்ட ஆசை.”

ஜூலை கலிஃபோர்னியா. “மேட்டு உச்சியில் ரோடு காணாமல் போகும். பிறகு கிணற்றுக்குள் படி இறங்குவதுபோல் இறங்க வேண்டும்.”

அக்டோபர் ஜப்பான். “இந்த வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காதவர்கள் குறைவு. எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு.”

“எல்லாம் நீங்க ஓட்டினதா சார்?” என்று கேட்டேன். ஃபோர்மேன் என்னை முறைத்தார்.

“ஓட்டுனது ரெண்டுதானுங்க அம்மிணி. மத்ததெல்லாம் ராத்திரி படுத்துக்கிட்டு ஓட்டறதுதான்” என்றார். வெளிநாட்டுப் படங்கள் அவருடைய நண்பர் ஒருவர் எடுத்தவையாம். டிசம்பர் மாதத்துப் படம் மட்டும் அவரே எடுத்தது, அவர் ஊர்ப்பக்கம் இருக்கிற சின்ன ட்ராக். அதை மட்டும் டப்பாவிலிருந்து மறுபடி எடுத்துக் கையை நீட்டிக் கொடுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு தெரிந்தது. அந்த மாதத்து வாசகம் இது: “என் ஊர் வளைவு. இடது பக்கம் திரும்பும். மூன்று முறை என்னைக் கவிழ்த்தது. நான்காம் முறை வழி விட்டது.”

“உள்ள நுழையறப்ப என்ர கண்ணுக்கு எப்படித் தெரியுமோ, அங்கயே ரோட்டுல குந்தி எடுத்த படமுங்க. பன்னெண்டும் அப்படித்தான். புரூஃபெல்லாம் அனுப்ப வேண்டாம், மெசின் ஓடறப்ப நானே வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

4. பதினொன்று சரி

பதினொரு ஸ்லைடை இரண்டு நாளில் முடித்தேன். ஒவ்வொன்றையும் விரலால் தடவி, ஒருமுறைக்கு இருமுறை பார்த்து ஒட்டினேன். பெல்ஜியத்துப் பச்சையும் ஜப்பான் வானமும் அப்படி வந்தன. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. ஆபத்து அங்கேதான் ஆரம்பித்தது.

டிசம்பரைக் கையில் எடுத்த நேரம், பைண்டிங்கிலிருந்து இரண்டு பெண்கள் ஏ.சி. காற்று வாங்க வந்தார்கள். “டயர்க்காரர் எப்படி ஓட்டினார்னு காட்டுடி” என்று கேட்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்லைடை இரண்டு கைக்கும் நடுவில் ஸ்டியரிங்போல் பிடித்து, பல்லைக் கடித்து, இடது பக்கம் சாய்ந்து, வலது பக்கம் சாய்ந்து, “என்னைக் கவுத்திருச்சுங்க அம்மிணி” என்று கவிழ்ந்தும் காட்டினேன். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடே பிலிமைக் கழற்றி எண்ணெய் தடவி ட்ரம்மில் ஒட்டிவிட்டேன். தடவிப் பார்க்கவில்லை.

மாதிரிக்குப் புரூஃப் எடுத்து ஃபோர்மேனிடம் கொடுத்தோம். அவர் டீ குடித்துக்கொண்டே பன்னிரண்டிலும் ‘ஓகே’ போட்டுக் கையெழுத்திட்டார். ரோடு ரோடாகத்தானே இருக்கிறது.

எங்களுடையது டூ கலர் மெஷின். முதல் ஓட்டத்தில் நீலமும் சிவப்பும், தாள் காய்ந்த பிறகு இரண்டாவது ஓட்டத்தில் மஞ்சளும் கறுப்பும். சீசன் நேரத்தில் மெஷினைச் சும்மா நிறுத்த மனம் வராமல், டயர்க்காரர் வருவதற்கு முந்தின நாளே முதல் ஓட்டம் ஓடி முடிந்துவிட்டது. எழுத்தும் மஞ்சளும்தான் பாக்கி.

5. மடியில் விழுந்த பாடம்

அன்று சாயங்காலம் வேனில் திரும்பினோம். பெரிய வளைவு வந்தது. எனக்கு எதிரே எப்போதும் வலது பக்கத்து சீட்டில் உட்காருகிற பேச்சியம்மாள் அக்கா அப்படியே என் மேல் வந்து விழுந்தாள். அவளுக்குக் கனத்த உடம்பு.

“காலைல நீ என் மேல விழுந்தீல்ல, அதுக்கு இது” என்றாள்.

“ஒரே வளைவுதானக்கா, காலைல மட்டும் எப்படி நான் விழுதேன்?” என்று கேட்டேன்.

“போகையில எடது, வரையில வலது. இதுகூடத் தெரியாம நீயெல்லாம் கம்ப்யூட்டர் படிச்ச.”

அவள் என் மடியிலிருந்து எழுந்திருப்பதற்குள் எனக்கு டிசம்பர் ஸ்லைடு ஞாபகம் வந்துவிட்டது. ரேஸ் ட்ராக்கில் போவது மட்டும்தான் உண்டு, வருவது கிடையாது. டயர்க்காரர் உள்ளே நுழைகிற இடத்தில் உட்கார்ந்து எடுத்த படம். இடது பக்கம் திரும்பும் என்று அவர் எழுதியதை என் கையாலேயே டைப் செய்திருக்கிறேன். ஆனால் புரூஃபில் ரோடு எந்தப் பக்கம் போனது? கண்ணை மூடிப் பார்த்தேன். வலது பக்கம் போனது. மூன்று தடவை மூடிப் பார்த்தேன், மூன்று தடவையும் வலதுதான்.

6. ஃபோர்மேனின் வைத்தியம்

மறுநாள் காலை முதல் வேலையாக ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டேன். தலையை நீட்டி, “இன்னைக்காவது கெடுத்தியா?” என்று கேட்க வந்தவர் அப்படியே வாசலில் நின்றுவிட்டார். அவர் முகத்தில் முதலில் ஒரு சந்தோஷம் வந்தது. அதைப் பொய்யென்று சொல்லமாட்டேன். பிறகு புரூஃபில் தன்னுடைய ‘ஓகே’ ஞாபகம் வந்து, அந்தச் சந்தோஷம் வடிந்துபோனது.

“சத்தம் போடாத. யாருட்டயும் சொன்னியா?”

“இல்ல.”

“படந்தான ஓடியிருக்கு? எழுத்து கறுப்புலதான வருது? கறுப்பு இன்னும் ஓடலேல்ல?”

“ஓடலை.”

“பெறகென்ன? எடதுங்கிறத வலதுன்னு மாத்து. தீந்துச்சு சோலி.”

எனக்குத் தப்பென்று தெரிந்தது. ஆனால் பைண்டிங் அறைக் கதவும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. அடுக்கடுக்காகத் தகரப்பட்டை. “அவருக்குத் தெரிஞ்சிருமே” என்றேன்.

“ரோட்டுல போறவனுக்கு எடதும் வலதும் எவன் பாக்கான்? கேட்டா எதிர்ப்பக்கத்துல இருந்து எடுத்த படம்னு சொல்லுவோம். மாட்டுனா நீ பைண்டிங்கு, அத மட்டும் நெனப்புல வச்சுக்கோ.”

போய் உட்கார்ந்தேன். ‘இடது’ என்ற சொல்லைத் தூக்கிவிட்டு ‘வலது’ என்று அடித்தேன். இரண்டும் ஒரே அகலம்தான், வரி நகரக்கூட இல்லை. பிலிம் எடுத்து, பிளேட் போட்டு, டயர்க்காரர் வருவதற்குள் கறுப்பு தயாராகிவிட்டது.

7. எல்லாம் என் கையால்

டயர்க்காரர் பத்து மணிக்கு வந்தார். “சாப்பிட்டீகளா?” என்று கேட்டபடி முதலாளி அவரை மெஷினுக்கு அழைத்துப் போனார். இரண்டாவது ஓட்டத்தில் முழுக் கலரும் ஏறி வந்த தாள்களை ஒவ்வொரு மாதமாக எடுத்து விரித்தார் மெஷின்மேன். டயர்க்காரர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். பெல்ஜியத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அட அட அட! தாரு வாசமே வருதுங்களே! யாருங்க இந்த ஸ்கேனிங் பண்ணுனது?”

நான் ஓரடி முன்னே வைத்தேன். ஃபோர்மேன் இரண்டடி வைத்துவிட்டார்.

“நம்மதான் சார். பன்னெண்டும் என் கையால பாத்துப் பாத்துப் பண்ணது. பிள்ளைகள்ட்ட விட்டா ஆகுமா? இதெல்லாம் அனுபவம் சார்.”

முதலாளி ஃபோர்மேனைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கஸ்டமர் முன்னால் வீட்டுச் சண்டையைக் காட்டுகிறவர் இல்லை அவர். எனக்கு மண்டைக்குள் கோபம் விறுவிறுவென்று ஏறியது. ஏப்ரல், மே, ஜூன் என்று ஒவ்வொரு தாளுக்கும் டயர்க்காரர் பாராட்ட, ஃபோர்மேன் ஒவ்வொரு பாராட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறவர்போல் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

டிசம்பர் வந்தது.

டயர்க்காரர் தாளைக் கையில் எடுத்தார். வாசகத்தை வாசித்தார். படத்தைப் பார்த்தார். அவருடைய கைகள் தாமாகவே ஸ்டியரிங் பிடித்தன. இடது பக்கம் திருப்பினார், நின்றார். வலது பக்கம் திருப்பினார், மறுபடி நின்றார். தழும்பு உள்ள கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“இதுவும் உங்க கையாலதானுங்களா?” என்று ஃபோர்மேனைக் கேட்டார்.

பன்னிரண்டும் என்று சொல்லியாகிவிட்டது. “ஆ... ஆமா சார். எதிர்ப்பக்கத்துல இருந்து எடுத்த படம்ல, அதான்.”

“எடுத்தது நானுங்க.”

மெஷின்மேன் தாளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டார்.

“இந்தப் பக்கம் நல்ல வளைவு ஏதாச்சும் இருக்குங்களா? வண்டி அதிகம் வராத இடமா?” என்று பொதுவாகக் கேட்டார் டயர்க்காரர்.

“ஆமத்தூருக்குக் கிட்ட ஒண்ணு இருக்கு சார்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

“நீங்க வாங்க அம்மிணி, வழி காட்டுங்க. இவரும் வரட்டும்.”

முதலாளி தலையாட்டி அனுப்பிவைத்தார்.

8. போகையில் வலது

முன்சீட்டில் ஃபோர்மேன், பின்சீட்டில் நான். சாயங்காலம் எங்கள் வேன் வீடு திரும்புகிற திசையில் போனோம். வளைவுக்கு முன்னால் டயர்க்காரர் காரை ஓரங்கட்டி இறங்கினார். ரோட்டில் மணல் கிடக்கிறதா என்று செருப்பால் தேய்த்துப் பார்த்தார். எதிரே ஒரு பட்டாசு லோடு லாரி வந்தது. அது தாண்டிக் கண்ணுக்கு மறைகிறவரை கைகட்டி நின்றார். இரண்டு பக்கமும் வெட்டவெளி, ரொம்ப தூரம் ஒன்றும் இல்லை.

“ட்ராக்குல எதிர வண்டி வராது. ரோட்டுல வரும். அதனால பாதி வேகந்தானுங்க” என்று சொல்லி பெல்ட்டைப் போட்டார். ஃபோர்மேனுக்கு அதைப் போடத் தெரியவில்லை. நான்தான் பின்னாலிருந்து மாட்டிவிட்டேன்.

அந்தப் பாதி வேகத்தை எங்கள் வேன் டிரைவர் பார்த்திருந்தால் அன்றைக்கே தொழிலை விட்டிருப்பார். வளைவு வருகிறது என்று நான் நினைப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது. டயர் கத்தியது. அதைவிட ஃபோர்மேன் கத்தினார். “இருக்கன்குடி மாரியாத்தா!” என்று கதவோடு ஒட்டிக்கொண்டார்.

“இது எந்தப் பக்கமுங்க திரும்புச்சு?”

“தெரியல சார்.”

“கண்ணத் தொறந்தாத் தெரியுமுங்க. வலது.”

காரைத் திருப்பினார். நின்றார், பார்த்தார், கிளம்பினார். இந்தமுறை ஃபோர்மேன் கதவை விட்டுவிட்டு டயர்க்காரரின் தோளில் போய் விழுந்தார். நான் முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். பயம்தான், ஆனால் சிரிப்பும் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அப்படி ஒரு வளைவை வாழ்க்கையில் நான் அனுபவித்ததில்லை. அவர் ஏன் வேலைமெனக்கெட்டு இதைக் காலண்டராகப் போடுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

“இது?”

“எடது! எடது சார்!”

“ரெண்டும் ஒண்ணுங்களா?”

“இல்ல சார், இல்ல!”

“அப்பறம் எதுக்குங்க என்ர வளைவ மாத்துனீங்க? செரி, இன்னொருக்கா போயிப் பாப்போமுங்களா?” என்று கியரில் கை வைத்தார்.

“சார், நான் மாத்தல சார்! அந்த ஸ்லைடப் போட்டது நானில்ல! இந்தப் பிள்ளதான் போட்டுச்சு!”

கார் நின்றது. டயர்க்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப மத்த பதினொண்ணு?”

ஃபோர்மேன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கருவேல மரத்தைப் பார்த்தார். “அதுவும் இந்தப் பிள்ளதான்” என்று மரத்திடம் சொன்னார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் ஒரு நிமிஷம்தான். டயர்க்காரர் என் பக்கம் திரும்பியதும் அது போய்விட்டது.

“ஆமா சார்” என்றேன். “ஸ்லைடைத் திருப்பிப் போட்டது நான்தான். உங்களை மாதிரி ஓட்டிக் காமிச்சு வெளையாடிட்டு, தடவிப் பாக்காம ஒட்டிட்டேன். நேத்து சாயந்தரமே தெரியும். எழுத்தை மாத்தினதும் நான்தான். அவுக சொன்னாக, ஆனா அடிச்சது என் கை.”

டயர்க்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் சின்னக் குரல் இன்னும் சின்னதாகியது.

“படம் திரும்புனது கை தவறுனதுங்க அம்மிணி. நானே மூணு தடவ தவறி விழுந்தவன். ஆனா எழுத்து திரும்புனது யோசிச்சுப் பண்ணுனதுங்களே. எம்பட பேருல போற எழுத்து. எங்கூரு பசங்க பாத்தா, இந்த ஆளு அந்த வளைவுல ஓட்டவே இல்லன்னுதான சொல்லுவாங்க?”

நான் அழுதேன். திரும்பி வரும்போது அவர் மாட்டுவண்டிக்குக்கூட வழிவிட்டு மெதுவாக ஓட்டினார்.

9. டின்

அச்சகத்துக்கு வந்ததும் டயர்க்காரர் முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஃபோர்மேன் முந்திக்கொண்டார்.

“மொதலாளி, நீங்கதான சொன்னீக, கெடுத்தவுக டின் அடிக்கப் போகணும்னு. இன்னைக்கே இந்தப் பிள்ளைய அனுப்புங்க.”

“ஆமாப்பா, சொன்னேன்” என்றார் முதலாளி. “ஆனா மெசின் முன்னால அத்தனை பேரு கேக்க, பன்னெண்டும் என் கையாலன்னு நீதான சொன்ன? நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு வாரம் போய் டின் அடி.”

டிசம்பரை அன்றே மறுபடியும் ஸ்கேன் செய்தேன். எமல்சன் பக்கத்தை நாலு தடவை தடவிப் பார்த்தேன். ரோடு இடது பக்கம் திரும்பியது, எழுத்தும் இடது என்றே வந்தது. டயர்க்காரர் தங்கியிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். கெட்டுப்போன தாள்கள் வெடிக்குழல் சுற்றுகிறவர்களுக்குப் போயின. அடுத்த தீபாவளிக்கு அந்த வளைவு எத்தனை ஊரில் வெடித்ததோ தெரியாது.

என் நாற்காலி எனக்கே இருந்தது. ஏ.சி.யும் இருந்தது. ஆனால் ஃபோர்மேன் டின் அடிக்கப் போன முதல் நாள் மதியம் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினேன். தூக்கை மூடி வைத்துவிட்டுப் பைண்டிங்குக்குப் போனேன். ஃபோர்மேன் தரையில் சம்மணம் போட்டு, இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு, தகரப்பட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு பட்டையை எடுத்தேன்.

“உன்னை யாரு வரச் சொன்னா?” என்றார்.

“யாரும் சொல்லலை. பட்டையை இப்படிப் பிடிங்க, கிழிக்காது.”

பக்கத்தில் இருந்த பெண்களுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் போயிருந்தது. ஒருத்தி வாயை அடக்க முடியாமல், “கெடுத்தது யாரு? அதச் சொல்லுங்க முதல்ல” என்று கேட்டாள்.

“நான்தான்” என்றேன்.

“நான்தான்” என்றார் ஃபோர்மேனும், அதே நேரத்தில். சொல்லிவிட்டு, தகரத்தையே பார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு அவர் என் அறைக்குள் தலையை நீட்டி அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

பிற்பாடு ட்ரம் போய், ஸ்லைடு போய், எல்லாம் கம்ப்யூட்டரிலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒன்றை மட்டும் சொல்வேன். வேலையில் எது தவறினாலும் திருத்திவிடலாம், திருத்த நமக்கு மெஷினும் தாளும் இருக்கின்றன. தவறியதை, தெரிந்த நேரத்திலேயே, யாருடைய வேலையோ அவரிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சாயங்காலமும் ஒரு காலையும் சொல்லாமல் இருந்தேன். அந்த வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் டின் அடித்தது ஸ்லைடைத் திருப்பிப் போட்டதற்காக இல்லை, அந்த ஒரு சாயங்காலத்துக்கும் ஒரு காலைக்கும்தான்.